கோப்பெங் மழையும் வாய் மூடாத தவளைகளும்

இப்போது நான் சொல்லப்போவதை ஈப்போ முதல் ஆயர் தாவார் வரை ஒரு ஜீவனும் நம்பப்போவதில்லை என்று மாரியம்மன், மாதா இருவர் முன்னிலையிலும் உறுதி கூறித் தொடங்குகிறேன். புந்தோங் கடையில் நுரை பொங்க ஆற்றிய தே தாரேக் டீ குடித்துக்கொண்டிருந்தபோதுதான் போன் வந்தது. “மாமா, அப்பா போயிட்டாரு” என்றாள் சவரிமுத்து மாஸ்டரின் மகள் ஸ்டெல்லா. கையிலிருந்த கிளாஸ் சாய்ந்தது. அந்த வெள்ளத்தில் தெருக்கோடிவரை மோட்டார் சைக்கிள்கள் மிதந்தன.

மாஸ்டர் ரப்பர் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்தவர். காலையில் தேவாலயத்தில் ஞானப்பாட்டு, மாலையில் கோயிலில் தேவாரம் என்று பாதிப் பேராக் மாநிலத்துக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவர். என்னையும் சேர்த்துக்கொண்டார். நான் ‘ஸா’ பிடித்த அன்று அக்கம்பக்கத்து நாய்கள் குடும்பத்தோடு ஊரைக் காலி செய்தன. “நீ பாட வேணாம்லா. மைக்கைப் பிடிச்சுப் பேசு” என்றார். அப்படித்தான் அவர் கச்சேரிகளுக்கு நான் அறிவிப்பாளன் ஆனேன்.

தோட்டங்கள் மூடியபின் அடுக்குமாடிகளில் ஒண்டிக்கொண்ட ரப்பர் பால்வெட்டுக்காரர்களைத் தேடிப்போய், அவர்கள் பாட்டுகளைச் சேர்ப்பதே அவருடைய மீதி வாழ்க்கை. ஒரு வரியை மூன்று பேர் தனித்தனியாக ஒரே மாதிரி பாடினால்தான் ஏற்பார். “ஒருத்தர் வாயில மட்டும் இருந்தா அது பாட்டு இல்லடா, உன் பேச்சு” என்பார்.

ஒருமுறை கோப்பெங் கோயில் திருவிழாவில் அவர் பாடும்போது மழை பிடித்துக்கொண்டது. அடுத்த கச்சேரியில் அவரை அறிமுகம் செய்தபோது, மாஸ்டர் குரலெடுத்ததும் மழை வந்த வழியே மேலே ஏறிப்போனது என்றேன். பள்ளத்துத் தவளைகள் மரியாதைக்காக வாயை மூடிக்கொண்டன என்றும் சேர்த்தேன். கைதட்டல் கூரையைத் தூக்கியது. மேடையிலிருந்து இறங்கியதும், கோப்பெங்கில் அன்று தனக்கு இரண்டாம் சரணம் மறந்துபோனதை ஏன் சொல்லவில்லை என்று மாஸ்டர் கேட்டார். அடுத்த தடவை சரியாகச் சொல்லிவிடுகிறேன் என்றேன். அடுத்த தடவை தவளைகளோடு ஓர் உடும்பும் சேர்ந்துகொண்டது.

சாவு வீட்டில், பெட்டிக்குப் பக்கத்தில் நின்று மூன்று பேர் பேசினார்கள்: புந்தோங் கோயில் தலைவர், ஆயர் தாவார் லாரிக்கார அண்ணன், தேவாலயப் பாடகர் குழுவின் அக்கா. ஒருவர்கூட அன்று கோப்பெங்கில் இருந்தவரில்லை. மூவரும் மழை நின்றதைச் சொன்னார்கள். மூவர் சொன்னதிலும் தவளைகள் வாயை மூடின. அவர் அலைந்து சேர்த்த பாடல்களைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

அந்தப் பாடல் தொகுப்பை அச்சுக்குக் கொடுக்கக் காத்திருக்கும் ஸ்டெல்லா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“மாமா, முன்னுரையில இந்த மழைய போட்டுறவா? மூணு பேரு ஒரே மாதிரி சொல்லிட்டாங்க. அப்பா கணக்குக்குச் சரிதானே?”

வாய்க்கொழுப்பில் பேராக் மாநிலத்துக்கே சக்கரவர்த்தியான நான் “ம்” என்றேன். மூன்று வாய்க்கும் ஊட்டியது ஒரே கை என்பதை விழுங்கிவிட்டேன். மெய்யைச் சலிக்க அந்த மனிதர் வைத்திருந்த சல்லடையிலேயே என் பொய்யைத் தேற வைத்துவிட்டேன். அவரோ இரண்டடி தூரத்தில், திருத்த முடியாமல் படுத்திருந்தார்.

அன்று சொல்லாததை இப்போது சொல்கிறேன். ஸ்டெல்லா, அதைப் போடாதே அம்மா. மழை நிற்கவில்லை. தவளைகள் தொண்டை கிழியக் கத்தின. நாற்காலியைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு முதலில் ஓடியவன் நான். மிருதங்கக்காரரும் வாத்தியத்தை விட்டுவிட்டு ஓடினார். எல்லோரும் கூரைக்குள் இடம் பிடிக்க முட்டிமோதிக்கொண்டிருந்தபோது திரும்பிப் பார்த்தேன். தோல் நனையாமல் இருக்க, தன் பொன்னாடையைக் கழற்றி மிருதங்கத்துக்குப் போர்த்திவிட்டு, உன் அப்பா நனைந்தபடியே பாட்டை முடித்துக்கொண்டிருந்தார்.

கைதட்டல் விழாது என்று நான் எந்த மேடையிலும் சொல்லாமல் விட்ட சின்ன உண்மை இது. பார்த்தவன் நான் ஒருவனே. மாஸ்டர் இருந்திருந்தால் இதைத் தொகுப்பில் சேர்க்க விட்டிருக்கமாட்டார். நான் வைத்துக்கொள்கிறேன்.