முழுப் பாட்டு

மகளின் பாலர் பள்ளி விழா ஒத்திகையில் அந்தப் பாட்டைப் போட்டார்கள். பழைய பேய்ப்படங்களின் பாணியில் செய்த ஆங்கிலப் பாட்டு. கதவு கிறீச்சிடும், ஓநாய் ஊளையிடும், கடைசியில் ஒருவன் சிரிப்பான். பிள்ளைகள் கைகளை நீட்டிப் பிணம்போல் நடந்தார்கள்.

ஒன்பது வயதில், ஜெலுத்தோங் அடுக்குமாடி வீட்டில், வானொலியில் அந்தப் பாட்டு வந்ததும் கைக்குக் கிடைத்த கேசட்டில் பதிந்துவிட்டேன். அது கொழும்பிலிருந்து மாமா பேசி அனுப்பிய கேசட். யாழ்ப்பாணத்திலிருந்து கல்யாணமாகிக் கடல் கடந்து வந்த அம்மா, தம்பியின் குரலை அப்படித்தான் கேட்பார். சில வாரங்களில் கொழும்பில் கலவரம். மாமா என்ன ஆனார் என்று யாருக்கும் தெரியவில்லை.

அம்மா கேசட்டைப் போட்டார். கதவு கிறீச்சிட்டது.

"நான்தாம்மா பதிஞ்சேன்," என்று அழுதுகொண்டே நிறுத்தப் போனேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"விடு பிள்ளை. முடிவில கொஞ்சம் மிச்சம் இருக்கும்."

ஊளையையும் சிரிப்பையும் அசையாமல் கேட்டார். பாட்டு முடிந்ததும் மாமாவின் குரல் வந்தது. "பிள்ளையள் கவனம், அக்கா." அவ்வளவுதான்.

அதன்பின் வெள்ளிக்கிழமைதோறும் அதைக் கேட்டார். வேகமாக ஓட்டினால் நாடா சிக்கிவிடுமோ என்ற பயத்தில், அந்த மூன்று சொற்களுக்காக ஒவ்வொரு முறையும் முழுப் பாட்டையும் கேட்டார். என்னை ஒரு நாளும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"போதும் லா, சின்னப் பிள்ளைங்க பயந்துருவாங்க," என்று ஒத்திகையில் டீச்சர் பாட்டைப் பாதியில் நிறுத்தினார்.

"முழுசா ஓட விடுங்க டீச்சர்," என்றேன். என் மகள் உட்பட எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.