ஒரு மணி நேரத் தூரத்தில் அக்கா

போன வருடம் ஆடி மாதம் இலங்கையின் கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து திருச்சிக்கு முதல்முறையாக விமானத்தில் போனேன். கொஸ்லந்தப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே கொழுந்து பறித்து, ஐம்பதைத் தாண்டியவள் நான்.

தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிய காலத்தில், எனக்குப் பத்து வயதிருக்கும்போது அக்காவுக்கும் அவள் வீட்டுக்காரருக்கும் இந்தியப் பாஸ்போர்ட் கிடைத்தது. ரயில், மன்னார்க் கப்பல், மறுபடி ரயில் என்று திருச்சிப் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். வழிக்கு அம்மாதான் ரொட்டி சுட்டுக் கட்டிக் கொடுத்தாள். அதற்குப் பிறகு அக்காவைப் பார்த்ததெல்லாம் போனில்தான்.

ஒரு நாள் வீடியோவில், "போன கிட்ட வச்சுப் பேசுடி, மூஞ்சி கலங்கலா இருக்கு" என்றாள். போனைத் துடைத்தேன், வெளிச்சத்தில் போய் நின்றேன். கோளாறு போனில் இல்லை, அவள் கண்ணில் என்று அவள் மகன் பிறகு சொன்னான். பார்வை முழுசாகப் போவதற்குள் அவள் என்னை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

மகள் டிக்கெட் எடுத்தாள். நான் ஒரு அடுக்கு ரொட்டி சுட்டு, தேங்காய்ச் சம்பலும் வைத்துக் கட்டினேன்.

"எதுக்கும்மா இவ்வளவு? ஒரு மணித்தியாலந்தான் பறக்கும்" என்று சிரித்தாள்.

இந்தியாவாவது, ஒரு மணி நேரமாவது! "ஒனக்கு என்னடி தெரியும்?" என்று அவள் வாயை அடைத்தேன்.

விமானத்தில் பக்கத்தில் இருந்தவர் பதுளையில் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் பெரியவர். பெல்ட்டை அவர்தான் மாட்டிவிட்டார்; அண்ணன் முறையில் 'நானா' என்றே அவரைக் கூப்பிட்டேன். அக்காவிடம் எதிலிருந்து தொடங்குவது, அம்மாவின் கடைசி நாட்களைச் சொல்வதா வேண்டாமா என்று யோசிக்க ஆரம்பித்தேன். அதற்குள் காது அடைத்தது.

"என்னங்க நானா, நடுவுல எங்கயோ எறக்குறாங்களே?"

"திருச்சி வந்திருச்சும்மா."

எனக்குக் கோபம்தான் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. பஸ்ஸில் பதுளைக்குப் போகவே இதைவிட நேரமாகுமே! இந்தத் தூரத்துக்கா இத்தனை வருடம் அழுதோம்?

வெளியே அக்கா தன் மகனின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தன் கண்ணருகே இழுத்துக்கொண்டாள். வெகுநேரம் விடவில்லை.

"அம்மா மாதிரியே ஆயிட்டியேடி" என்றாள்.

யோசித்து வைத்ததையெல்லாம் விட்டுவிட்டு, பொட்டலத்தை நீட்டினேன். வாசல் பெஞ்சிலேயே உட்கார்ந்து, அந்தக் காய்ந்த ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து எனக்கும் ஊட்டிவிட்டாள். இருவரும் அழுதுகொண்டே தின்றோம்.

இரண்டு வாரத்தில் திரும்பிவிட்டேன். இன்னொரு முறை போகக் கைகூடுமோ என்னவோ. அக்கா உலகத்தின் அந்தக் கோடியில் இருப்பதாகவே நினைத்து அம்மா மனதைத் தேற்றிக்கொண்டாள். எனக்கு அந்த ஆறுதலும் இல்லை. அவள் இவ்வளவு பக்கத்தில் இருக்கிறாள் என்று தெரிந்த பிறகுதான் மனம் அவளை அதிகமாகத் தேடுகிறது.