வெர்னாவின் துடைப்பக் கம்பு

வெர்னா கெசிங்கருக்கு ஐம்பத்தெட்டு வயது. ஏப்ரலில் புல் தலையெடுத்தால் அக்டோபர் கடைசி வரை, ஞாயிறு தவிர எல்லா நாளும் புல்வெட்டும் வண்டியின் மேல்தான் இருப்பார். அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் இருக்கும் எங்கள் ஊராட்சியின் மூன்று கல்லறைத் தோட்டங்களும் பத்தொன்பது வருடமாக அவர் பொறுப்பு. அதற்கு முன் பள்ளிப் பேருந்து ஓட்டினார். "இங்க யாரும் பின்னாடி உக்காந்து கத்துறதில்ல" என்பதுதான் வேலை மாறியதற்கு அவர் சொல்லும் ஒரே காரணம்.

இந்த வருடம் ஏப்ரல் கடைசியில் பழைய வண்டி ஒரேயடியாகப் படுத்துவிட்டது. மறுநாளே ஊராட்சித் தலைவர் டுவைட் ஆலர்ஸ், நான் எழுத்தராக இருக்கும் அலுவலகத்துக்கு ஒரு விளம்பரத்தாளோடு வந்தார். வெர்னாவும் அங்கே இருந்தார். தாளில் இருந்தது அகலமான வண்டி. இரண்டு நெம்புகோலைப் பிடித்தால் நின்ற இடத்திலேயே சுழலும். தள்ளுபடி வேறு.

"ஒரே நாள்ல மூணு தோட்டமும் முடிஞ்சிரும், வெர்னா."

"பின்பக்கச் சரிவு?"

"அதுல மருந்தடிச்சு ஜல்லி கொட்டிரலாம். அங்க யாரு வர்றா?"

சரிவில் இருப்பவர்கள் பழைய ஏழைகள் இல்லத்தில் இறந்தவர்கள். அறுபத்தொரு கற்கள். பெயர் கிடையாது, எண் மட்டும். யாரும் வருவதில்லை என்பது உண்மைதான்.

"ஜல்லியா? மொதல்ல உங்கப்பா கல்லறை மேல கொட்டு, டுவைட். எப்படி இருக்குன்னு பாத்துட்டு மத்தவங்களப் பத்திப் பேசலாம்."

அன்று மதியமே கடைக்குப் போனோம். வெர்னா கையில் ஒரு துடைப்பக் கம்பு. சரிவில் மிக நெருக்கமாக நிற்கும் இரண்டு கற்களுக்கு இடையே பிடித்து, அந்த அளவுக்கு அறுத்தது.

விற்பனையாளர் டிரென்ட் தள்ளுபடி வண்டியைக் காட்டினார். "கப் வைக்க ரெண்டு எடம் இருக்கு, மேடம். சீட்டும் மெத்துன்னு இருக்கும்."

"நான் காப்பி குடிக்கவா ஏறுறேன், தம்பி?"

வெர்னா தரையில் மல்லாந்து வண்டிக்கடியில் நுழைந்தார். கத்திகளை மூடியிருக்கும் தகட்டை விரலால் தட்டும் சத்தம் கேட்டது.

"ஒரு வேர் இடிச்சா நசுங்கிரும். கியர் பெட்டியில ஆயில் எப்படி மாத்துறது?"

"மாத்தவே தேவையில்ல, மேடம்."

"சனிக்கிழம சனிக்கிழம வீட்டு முன்னாடி வெட்டுறவனுக்குத் தேவையில்ல. எனக்கு வாரத்துக்கு நாப்பது மணி நேரம்."

கம்பைக் குறுக்கே வைத்தார். வண்டி அரையடி கூடுதல் அகலம்.

கடையின் பின்புறம் தூசியோடு இன்னொன்று நின்றது. குறுகலானது, கனமானது. நான்கு சக்கரமும் இழுக்கும். கவிழ்ந்தால் ஆளைக் காக்கத் தலைக்கு மேல் இரும்பு வளையம் உண்டு. தகட்டைத் தட்டினால் விரல்தான் வலிக்கும். கம்பு அதைவிடக் கொஞ்சம் நீளமாகவே இருந்தது.

"அது பழத்தோட்டக்காரர் ஒருத்தருக்கு வரவழைச்சது, மேடம். அவர் வாங்கல. விலை கூட."

"ரெண்டையும் நாளைக்குக் காலைல ஏழு மணிக்குக் கல்லறைக்குக் கொண்டு வா. புல்லுல ஈரம் காயுறதுக்கு முன்னாடி ஓட்டிப் பாக்கணும். மே மாசம் மழ நிக்கும்னு காத்திருந்தா வைக்கோல்தான் அறுக்கணும்."

காலையில் டுவைட்டோடு சேர்த்து ஊராட்சி உறுப்பினர்கள் மூவரும் வந்திருந்தார்கள். ஈரச் சரிவில் வழுக்கும் என்று வெர்னா தள்ளுபடி வண்டியில் ஏற மறுத்தார்.

"ஓட்டத் தெரியாதவங்களுக்குத்தான் வழுக்கும்" என்று டுவைட்டே ஏறினார். சமதளத்தில் இரண்டு வரிசை அழகாகத்தான் போயிற்று. சரிவில் பாதி ஏறியதும் சக்கரங்கள் வெறுமனே சுழன்றன. வண்டி அவரோடு பின்னோக்கி வழுக்கிப் போய், அடியில் இருந்த கம்பிவேலியில் சாய்ந்து நின்றது. அடி ஒன்றுமில்லை. தொப்பி மட்டும் சரிவிலேயே தங்கிவிட்டது.

"ஒரே நாள்ல மூணு தோட்டம்னியே, டுவைட். ஒரே நிமிஷத்துல வேலிக்கே போயிட்ட!"

வெர்னா கனமான வண்டியில் ஏறிப் பெல்ட்டை மாட்டினார். நேராக மேலே, நேராகக் கீழே. வண்டிக்கும் கற்களுக்கும் நடுவே இருபுறமும் இரண்டு விரல் இடைவெளி. வண்டி நழுவவில்லை. நாலைந்து முறை ஏறி இறங்கியதும் டிரென்ட் கையாட்டினார்.

"பாத்தாச்சுல்ல, மேடம்? சாவியக் குடுங்க."

"இன்னும் அம்பது கல்லு பாக்கி!"

"இத வாங்கணும்னா ஓட்டு எடுக்கணும், வெர்னா!" டுவைட் வேலியருகிலிருந்து கத்தினார்.

"எடு! வேணாம்னு நீங்க சொல்ற வரைக்கும் வெட்டுவேன். சொன்னா, எம்பதாவது வயசுலயும் தள்ளுற மெஷின வச்சு வெட்டுவேன். ஜல்லி மட்டும் இங்க வராது!"

மற்ற இரு உறுப்பினர்களும் கை தூக்கினார்கள். டுவைட் தொப்பியை எடுத்து, புல்லைத் தட்டி, அதே கையைத் தூக்கினார். வண்டிகளைக் கொண்டுவந்த லாரியின் முன்புறத்தில் தாளை வைத்துத் தீர்மானத்தை எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கினேன். தாளில் பச்சைக் கறை படிந்தது.

வெர்னா அப்போதும் நிறுத்தவில்லை. அறுபத்தொன்றாம் எண் வரை முடித்துத்தான் இறங்கினார். டிரென்ட் நீட்டிய கையில் துடைப்பக் கம்பைக் கொடுத்துவிட்டு, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.