ஒன்றரை மாத்திரை

கடலூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் பார்மசியில் பொறுப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவள் நான். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக, எங்களுக்குப் புது சாஃப்ட்வேர் வந்த நாட்களைப் பற்றி எழுதுகிறேன். அப்போது எனக்கு எதுவுமே பிடிபடவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

1. லேபிள்

அதுவரை டாக்டர் கையால் எழுதிய சீட்டைப் பார்த்து மருந்து கொடுப்போம். சாஃப்ட்வேர் ஓடத் தொடங்கிய முதல் நாள் அது. டாக்டர் தன் அறையில் டைப் செய்வார். எங்கள் கவுண்டரில் லேபிள் அச்சாகி வரும். அதை மருந்துக் கவரில் ஒட்டிக் கொடுப்போம். காலைக் கூட்டம் வேகமாகக் குறைந்தது. எனக்குச் சந்தோஷம்தான்.

மத்தியானம் ஒரு தைராய்டு நோயாளி லேபிளோடு திரும்பி வந்தார். "டாக்டரு அரை மாத்திர போடச் சொன்னாரு. இதுல ஒண்ணுன்னு இருக்குதேம்மா?"

டாக்டரிடம் கேட்டேன். அரை என்றுதான் டைப் செய்ததாகச் சொன்னார். கண்ணெதிரே இன்னொரு முறை அடித்துக் காட்டினார். அரை உள்ளே போனது, ஒன்று வெளியே வந்தது. ஒன்றரை அடித்தார், இரண்டு வந்தது.

"ஒன்றரை" என்றதும் எனக்கு ஏழுமலை ஞாபகம் வந்தார். காலையில்தான் வந்துபோயிருந்தார். இதயத்தில் வால்வு மாற்றிய ஆள். ரத்தம் உறையாமல் இருக்க தினமும் சாயங்காலம் ஒன்றரை மாத்திரை போட வேண்டும். கூடினால் உள்ளுக்குள் ரத்தம் கசியும் ஆபத்து உண்டு. அவர் கையில் இரண்டு என்று அச்சடித்த லேபிள் போயிருந்தது.

2. போன் நம்பர்

கம்ப்யூட்டரில் அவர் நம்பரைத் தேடி அடித்தேன். போகவில்லை. அடுத்த நோயாளியின் பக்கத்தைத் திறந்தேன். அதே நம்பர். அதற்கடுத்தவருக்கும் அதே நம்பர். காலையில் வந்த அத்தனை பேருக்கும் ஒரே போன் நம்பர்! எனக்குத்தான் கண்ணில் கோளாறோ என்று பக்கத்து மேசைப் பெண்ணைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன். அவளும் அதையே படித்தாள்.

சாஃப்ட்வேர் எழுதிய பிரபு சிதம்பரத்துக்காரர். அன்று வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்தார். போன் போட்டேன்.

"மேடம், நம்பர்தானேன்னு இன்டிஜர், அதாவது பின்னம் இல்லாத எண்ணு, வச்சுட்டேன். அதுல இருநூறு கோடி சொச்சம் வரைக்கும்தான் ஏறும். செல் நம்பரு எல்லாம் அதுக்கு மேல. அதான் எல்லாத்தையும் அந்தக் கடைசி எண்ணுலயே நிறுத்திடுச்சு."

"மாத்திரை?"

"அதுவும் இன்டிஜர்தான் மேடம். ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணுறதுதானே? அரைய மேல தள்ளிடும்."

ஒன்பதாம் வகுப்பில் ஒன்றுக்குள் ஒன்றாக வட்டம் போட்டுப் படித்தேன். இயல் எண், அதைச் சுற்றி முழு எண், அதைச் சுற்றிக் குறை எண்களும் சேர்ந்த முழுக்கள், பின்னத்துக்கு விகிதமுறு எண், எல்லாவற்றையும் வளைத்து மெய்யெண். படம் போட்டு மார்க் வாங்கினேன். அந்த வட்டம் ஒரு மனுஷன் உயிரோடு விளையாடும் என்று எனக்குத் தெரியாது.

ஏழுமலைக்குச் சிதம்பரத்தை அடுத்த கிள்ளைப் பக்கம் ஊர். ஆபரேஷனுக்குப் பிறகு துடுப்புப் போட வேண்டாம் என்று டாக்டர் சொன்னதால், பிச்சாவரம் படகுத்துறையில் வருகிறவர்களுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டிவிடுகிறார். அது எனக்கு ஞாபகம் வந்தது. சொன்னதும் பிரபு, "பைக் எடுத்துட்டேன் மேடம்" என்றார்.

3. படகுத்துறை

சாயங்காலம் பிரபுவிடமிருந்து போன் வந்தது. ஆளைக் கண்டுபிடித்துவிட்டார், ஆனால் ஏழுமலை நம்ப மறுக்கிறார். ஸ்பீக்கரில் அவர் குரல் கேட்டது.

"எம்மா, நேத்து வரைக்கும் ஒன்றர. இன்னிக்கு மிஷின்லயே ரெண்டுன்னு அடிச்சுக் குடுத்தீங்க. கெறக்கமா இருக்குதுன்னு டாக்டர்கிட்ட சொன்னேன், அதான் ஜாஸ்தி பண்ணிட்டாருன்னு நெனச்சேன். இப்ப யாரோ ஒரு தம்பி வந்து மிஷின் தப்புங்குறாரு. கையால எழுதுனா தப்பு வரும். மிஷின் எப்படிம்மா தப்பு பண்ணும்?"

இயந்திரம் கணக்கில் தப்பு செய்யவில்லை. அதற்கு அரை என்று ஒன்று இருப்பதே தெரியாது. இதை எப்படி விளக்குவது?

"அண்ணே, என் குரல் தெரியுதில்ல? நான் சொல்றேன். ஒன்றரைதான். இன்னிக்கு போட்டுட்டீங்களா?"

"இனிமேதாம்மா."

நாற்காலியில் உட்கார்ந்தேன். அப்போதுதான் நின்றுகொண்டே பேசியது தெரிந்தது.

கொஞ்ச நேரம் கழித்து பிரபு மெதுவாகச் சொன்னார்: "மேடம், அவரு மாத்திரைய உடைச்சாரு. நடுவுல ஒரு கோடு இருக்குது. உடைக்கத்தான் அந்தக் கோடாம். இத்தன வருஷத்துல நான் பாத்ததே இல்ல."

அதற்குள் டாக்டரும் நாங்களும் அன்று போன மற்ற சீட்டுகளைச் சரிபார்த்திருந்தோம். தைராய்டு நோயாளியையும் ஏழுமலையையும் தவிர, அரை சேர்ந்த அளவு வேறு யாருக்கும் எழுதியிருக்கவில்லை. அடுத்த ரத்தப் பரிசோதனையில் ஏழுமலைக்கு எல்லாம் சரியாகவே இருந்தது.

4. எது எந்த எண்

மறுநாள் பிரபு பஸ் பிடித்து வந்தார். எல்லா மருந்துக்கும் தசமம் வைத்துவிட்டதாகச் சொன்னார். நான் கேப்சூல் ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்து, "இத அரையா உடைங்க" என்றேன். உள்ளிருந்த பொடி மேசையெல்லாம் கொட்டியது. தலையில் கை வைத்துக்கொண்டார்.

பிறகு ஒவ்வொன்றாக உட்கார்ந்தோம். கேப்சூல் முழு எண். கோடு போட்ட மாத்திரைக்கு அரை வரலாம். ஃப்ரீசர் வெப்பநிலைக்கு மைனஸ் வேண்டும். போன் நம்பரைக் கூட்டப்போகிறோமா, கழிக்கப்போகிறோமா? அது எண்ணே இல்லை, எழுத்து மாதிரிதான். சில மருந்துகளுக்கு உடம்பின் பரப்பளவு பார்க்க வேண்டும்; அதில் வர்க்கமூலம் வந்து, முடிவே இல்லாத தசமமாக நீண்டது.

"எத்தன எடம் வரைக்கும் வைக்கட்டும் மேடம்?"

"சிரிஞ்சுல எத்தன கோடு இருக்குதோ, அது வரைக்கும்."

வயதில் வந்து மாட்டினோம். ஒன்றிலிருந்து ஆரம்பித்திருந்தார். பிறந்த குழந்தைக்குப் பூஜ்யம் வேண்டுமே என்றேன். மாற்றினார். ஆனால் நேற்றுப் பிறந்த குழந்தைக்கும் பூஜ்யம், பத்து மாதக் குழந்தைக்கும் பூஜ்யம். இரண்டுக்கும் ஒரே மருந்தளவா? அப்படியானால் தசமமா? ஒரு நாள் குழந்தைக்கு என்ன தசமம் போடுவது? டீ ஆறும்வரை இரண்டு பேரும் காகிதத்தில் எழுதி எழுதி அடித்துக்கொண்டிருந்தோம்.

குழந்தைகள் டாக்டரம்மா மருந்து வாங்க வந்தவர், எங்கள் முகத்தைப் பார்த்து என்னவென்று கேட்டார். பிரபு சொன்னார்.

"வயச ஏன் கேக்குறீங்க?" என்றார் டாக்டரம்மா. "பொறந்த தேதியக் கேளுங்க. எடையப் போடுங்க. எனக்கு அது போதும்."

வயது என்ற கட்டத்தையே பிரபு அழித்தார்.

எந்த எண்ணைப் போடுவது என்று குழம்பும்போதெல்லாம் நான் இன்றும் முதலில் பொருளைக் கையில் எடுத்துப் பார்க்கிறேன். அதிலும் தெளியவில்லையென்றால், கேட்ட கேள்வி சரிதானா என்று பார்க்கிறேன்.