அக்டோபர் முதல் தேதிக்காரி

ஜெர்மனியில் இருக்கும் எங்கள் வால்வு ஆலையில் பிறந்தநாள்காரர்தான் கேக் கொண்டுவர வேண்டும். கொண்டுவராதவனைக் கஞ்சன் என்போம். ஒருநாள் முன்னதாகக் கொண்டுவந்தாலோ தொடவே மாட்டோம். முன்கூட்டி வாழ்த்தினால் ஆகாது.

விப்கே வடக்கே கடற்கரைப் பக்கத்துப் பெண். மூன்று மாதம் எங்களிடம் சம்பளத்துக்கு வேலை, மூன்று மாதம் வேறு ஊரில் கல்லூரி. இப்படியே மூன்று வருடம். ஒவ்வொரு தடவையும் அறையைக் காலி செய், பெட்டியைக் கட்டு என்ற பாடுதான். அவளுடைய பாழாய்ப்போன பிறந்தநாள் அக்டோபர் முதல் தேதி, கல்லூரிக்குக் கிளம்பும் நாள்.

முதல் வருடம் செப்டம்பர் முப்பதாம் தேதியே கேக்கோடு வந்து நின்றாள்.

"ஏம்மா, பொறந்தநாள் நாளைக்குத்தானே? இதை யார் தொடுவா? மூடி வை."

சொன்னது நான்தான். எல்லாரும் சிரித்தார்கள். மறுநாள் புது அறையில் தனியாக உட்கார்ந்து தின்றாளாம். அடுத்த வருடம் அவள் கேக்கே கொண்டுவரவில்லை.

இந்த வருடம் படிப்பு முடிந்தது. செப்டம்பர் முப்பதாம் தேதி மேலாளர் நிரந்தர வேலைக்கு ஒப்பந்தம் கொடுத்து, திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லச் சொன்னார். அவள் கையெழுத்துப் போடாமல் பையில் வைத்துக்கொண்டு, ஊருக்குப் போய் யோசிக்கிறேன் என்றாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"கொழுப்பா உனக்கு? இந்த வேலைக்கு எத்தனை பேர் தவம் கிடக்குறாங்க தெரியுமா?"

"வேலை பிடிச்சிருக்கு கெர்லிண்டா. சாயங்காலம்தான் பிடிக்கல. இந்த ஊர்ல ஒருத்தர் வீட்டுக்குள்ளகூட நான் போனதில்ல."

என் வீடு ஆலைக்குப் பின்தெருவில்தான் இருக்கிறது.

மறுநாள் காலை லீவு போட்டு, பிளம்ஸ் பழக் கேக் சுட்டு, தட்டில் வைத்து ரயில் நிலையத்துக்கு ஓடினேன். பெட்டிகளோடு தனியாக உட்கார்ந்திருந்தாள்.

"இன்னிக்குச் சொல்லலாம். நல்லா இரு கண்ணு."

சிரித்துக்கொண்டே ஒரு துண்டு தின்றாள்.

"உங்க பொறந்தநாள் எப்போ? நான் கேட்டதே இல்லையே."

"மே மாசம். அப்போ நீ எப்பவும் காலேஜ்ல இருப்பே."

"எனக்கு ஒரு துண்டு எடுத்து வெச்சிருக்கலாம்ல?"

விளையாட்டாகத்தான் கேட்டாள். மூன்று வருடத்தில் அப்படி ஒரு நினைப்பே வரவில்லை எனக்கு.

வண்டி வந்தது.

"தட்டோட எடுத்துட்டுப் போ. திரும்பி வரும்போது குடு, அவசரமில்ல."

அவள் மிச்சக் கேக்கைக் காகிதத்தில் சுற்றிப் பைக்குள் வைத்துவிட்டு, தட்டைத் துடைத்து என் கையிலேயே கொடுத்தாள்.