மரியமலரும் நீல ட்ரெய்லரும்

மரியமலருக்குக் கோபம் வந்தால் முதலில் பேச்சு வாங்குவது பல்புதான். "எரியன், மூதேவி!" என்பாள். எரிந்துவிட்டால் அதுவே "என்ர குஞ்சு" ஆகிவிடும். பாலையூற்றில் பத்து வருடமாக ஓட்டோக்களுக்கும் வான்களுக்கும் வயர் வேலை பார்க்கிறவள். பொம்பிளைக்கு இதென்ன வேலை என்று கேட்டவர்களின் ஓட்டோக்களும் இப்போது அவள் வாசலில்தான் நிற்கின்றன.

ஆனால் படகு ஏற்றும் ட்ரெய்லர் அவள் கைக்கு வந்தது இதுதான் முதல் தடவை. கொண்டுவந்தவன் அஞ்சலோ. அவன் படகு நிலாவெளிக்குப் போய்ச் சுற்றுலாக்காரரை ஏற்ற வேண்டும். பின்விளக்கு எரியாத ட்ரெய்லரைப் பொலிஸ் விடாது.

"இது சரிவந்தா துறைமுகத்துப் படகுக்காரர் எல்லாரும் உங்களிட்டத்தான் அக்கா வருவினம்," என்றான். சரிவராவிட்டால் என்னவென்று அவன் சொல்லவில்லை. அது அவளுக்கே தெரியும்.

வெள்ளிக்கிழமை புது வயர் இழுத்து, விளக்குகளை எரியவைத்தும் பார்த்தாள். ஞாயிறு பூசை முடிந்து பங்குச் சுவாமி வந்து படகையும் ட்ரெய்லரையும் மந்திரிப்பார் என்பதால், சனிக்கிழமை தன் புருஷன் வின்சன்டைப் பெயின்ற் அடிக்கச் சொன்னாள்.

"உப்புத்தண்ணிக்குள்ள இறங்கிற சாமான். ஒரு இடமும் விடாம அடியுங்கோ!"

ஞாயிற்றுக்கிழமை சுவாமி தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார். படகுக்காரர் ஏழெட்டுப் பேர் பார்த்து நிற்க, அஞ்சலோ ட்ரெய்லரை வானில் கொழுவி இடப்பக்கச் சிக்னலைப் போட்டான். இரண்டு பக்கமும் அழுதுவடிந்து மினுங்கின. பிரேக்கை மிதித்தான். ஒன்றுமே இல்லை.

"தீர்த்தம் உள்ளுக்குப் போட்டுதோ?" என்று ஒருவர் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள்.

மரியமலருக்குக் காது சுட்டது. பல்பைத் திட்டி மாற்றினாள். ஃபியூஸைத் திட்டிப் பார்த்தாள். பிளக்கைத் துடைத்தாள். வெள்ளிக்கிழமை எரிந்த விளக்குக்கு இடையில் என்ன வந்தது? சந்தேகம் தட்டி, அஞ்சலோவைப் பிரேக்கை மிதித்தபடி இருக்கச் சொல்லிவிட்டு, நீள வயர் ஒன்றை வான் பற்றரியின் நெகற்றிவில் கொழுவி, மற்ற நுனியை விளக்கின் கறுப்பு வயரில் வைத்தாள். பளிச்!

அப்படியென்றால் கரண்ட் விளக்குவரை வருகிறது. ட்ரெய்லர் இரும்பு வழியாக வானுக்குத் திரும்பிப் போகத்தான் வழியில்லை. கறுப்பு வயரை ட்ரெய்லர் இரும்போடு இறுக்கியிருந்த போல்ட்டைக் குனிந்து கழற்றினாள். வயர் நுனிக்குக் கீழே இரும்பைக் காணவில்லை. நல்ல தடிப்பாக நீலப் பெயின்ற்.

"இஞ்சேருங்கோ! இதைக் கழட்டியா அடிச்சனீங்கள்?"

"ஓம். நீதானே ஒரு இடமும் விடக்கூடாது எண்டனீ," என்றார் வின்சன்ட். "ரெண்டு கோட்."

கூட்டம் வின்சன்டைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கியது. பழியை அவர் தலையில் போட்டுவிட்டுத் தப்பியிருக்கலாம். வாயும் திறந்தது.

"சிரிக்காதேங்கோ," என்றாள். "அவர் சொன்ன வேலையைச் செய்தவர். அந்த இடத்தில இரும்பு இரும்போட முட்ட வேணும் எண்டு சொல்லாம விட்டது நான். பிழை என்ர."

எமரிப் பேப்பரால் இரும்பு மினுங்கும்வரை சுரண்டி, இறுக்கி, மேலே கிறீஸ் பூசினாள். அஞ்சலோ பிரேக்கை மிதித்தான். இரண்டு விளக்கும் சிவப்பாக எரிந்தன.

"என்ர குஞ்சுகள்!"

அப்போது வின்சன்ட் வந்து, விளக்குகளுக்கு நடுவே 'பெயின்ற், தொடாதே' என்று எழுதி ஒட்டியிருந்த பேப்பரை உரித்தார். உள்ளே வெள்ளை எழுத்து: வயர் வேலை, மரியமலர், பாலையூற்று.

"எரியாட்டி உன்ர பேர் நாறிப்போகும். அதுதான் மூடி வச்சனான்," என்றார்.

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அத்தனை பேருக்கு முன்னால் அழ வெட்கமாக இருந்தது.

"இதுக்கு எத்தனை கோட்?" என்றாள்.

"மூண்டு."