காசுக்குக் கம்மல் போட்டவர்

சந்தவாசலில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவனுக்கு ஊர்ச்சாவு எல்லாம் முதலில் கண்ணீர் அஞ்சலி போஸ்டராகத்தான் வந்து சேரும். அன்று காலை ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தேன். படவேட்டிலிருந்து சங்கர் வந்து நின்றார். ஏகாம்பரத்தின் மருமகன். "மாமா போய்ட்டாருங்க. டீ குடிச்சிட்டு உக்காந்தாரு, அப்பிடியே சாஞ்சிட்டாரு. போஸ்டர் அடிக்கணும்" என்று போனை நீட்டினார். போனில் ஏகாம்பரம் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தப் படத்தை எடுத்ததே நான்தான். அதில் கையில் ஒரு காசைத் தூக்கிப் பிடித்திருப்பார். போஸ்டருக்காகக் கையை வெட்டிவிட்டு முகத்தை மட்டும் வைத்தேன். அரைமணி நேர வேலை, அன்றைக்கு மத்தியானம் வரை இழுத்தது.

அவரைத் தெரிந்தவர்கள்தான் இதைப் படிக்கப் போகிறீர்கள். இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். அவர் கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஜவ்வாது மலையில் எல்லோருக்கும் அவர் டாக்டர். "நானு டாக்டர் இல்லப்பா, ஊசி போட்றவன்" என்று ஆரம்பத்தில் சொல்லிப் பார்த்திருக்கிறார். யாரும் காதில் வாங்கவில்லை, கடைசியில் அவரும் விட்டுவிட்டார். வேலைக்காலத்தில் பாதியை மலையில்தான் கழித்தார். உழும்போது ஒன்று, களை வெட்டும்போது ஒன்று என்று மண்ணில் தட்டுப்படும் பழைய செம்புக்காசுகளை மலை ஆட்கள் அவரிடம் கொண்டுவந்து கொடுப்பார்கள். புதையல் கிதையல் என்று நினைக்காதீர்கள், தேய்ந்துபோன சில்லறைகள். கொடுத்தவர் பேர், எந்த நிலம், எந்த வரப்போரம் என்று ஒரு நோட்டில் எழுதிக்கொள்வார். "எடம் தெரியாத காசு அநாதப்பா. அத்த வச்சிக்கினு நானு இன்னா பண்றது?" என்பார். எனக்கும் காசு சேர்க்கும் கிறுக்கு உண்டு. அப்படித்தான் பழக்கம்.

ஒருநாள் என் கடையில் பணம் அனுப்ப ஒட்டி வைத்திருக்கும் க்யூஆர் கோடு அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். "இத்த காட்னா உம்பேரு வருதே, காசுக்கும் இந்த மாதிரி போட முடியுமா?" என்றார். எதற்கு என்று கேட்டேன். "மாட்டுக்குக் காதுல கம்மல் போட்றோமில்ல. நம்பர அடிச்சா யாரு வூட்டு மாடு, எந்த ஊரு, எப்ப ஊசி போட்டது, அல்லாம் வரும். காசுக்கும் ஒரு கம்மல் போட்டுடலாம். நானு போய்ட்டாலும் காசு பேசுமில்ல?" என்றார். அன்றிலிருந்து எங்களுக்குள் அந்த ஸ்டிக்கருக்குக் கம்மல் என்றே பேர். காலையில் போன் செய்தால் சாப்பிட்டாயா என்று கேட்கமாட்டார், "எத்தினி கம்மல் ஆச்சி?" என்பார்.

வேலை இப்படி நடந்தது. ஒவ்வொரு காசும் ஒரு சின்னக் கவரில் இருக்கும். அவர் நோட்டைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, நான் இணையத்தில் காசுக்கு ஒரு பக்கம் திறந்து, படத்தோடு டைப் அடிப்பேன். அந்தப் பக்கத்துக்கு ஒரு க்யூஆர் எடுத்து ஸ்டிக்கராக அடித்துக் கவரில் ஒட்டுவேன். அவருக்கு ரொம்பப் பிடித்தது காளைமாடு போட்ட ஒரு காசு. மலைமேல் பொன்னுசாமி என்பவர் தன் நிலத்துப் புளியமரத்துக்குப் பக்கத்தில் உழும்போது கிடைத்தது. "திமிலப் பாரு, தாடியப் பாரு. செதுக்குனவன் மாடு வளத்தவன்பா" என்று அந்தத் தேய்ந்த காசுக்கு ரகம் பார்ப்பார். அந்தக் காசுக்காக இருவரும் வண்டியில் மலையேறினோம். மரத்தடியில் அவர்கள் குடும்பத்துச் சாமிக்கல் மூன்று இருந்தது. நான் அங்கேயே நின்று, போனில் மேப்பைத் திறந்து, இடத்தைப் புள்ளி வைத்து அந்தப் பக்கத்தில் ஏற்றிவிட்டேன். பெரிய கெட்டிக்காரத்தனம் என்று நினைப்பு எனக்கு. அந்த ஊரின் பேரை இங்கே எழுத மாட்டேன். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

திரும்பி வரும்போது டாக்டர் வண்டியின் பின்னாலிருந்து கேட்டார். "ஏம்பா, மாட்டுக் கம்மல்னா ஆபீசுல இருக்கறவங்கதான் பாக்க முடியும். இது எப்பிடி? அல்லாருக்கும் தெரியுமா, நமக்கு மட்டுமா?" நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நமக்கு மட்டும்தான் டாக்டர்" என்றேன். அந்த இணையப் பக்கங்களுக்குப் பூட்டு எதுவும் போடவில்லை. அவ்வளவு நீள முகவரியை எவன் டைப் அடிக்கப் போகிறான் என்ற தைரியம். அந்த முகவரியைத்தான் ஸ்டிக்கராக அடித்துக் கவர் மேலேயே ஒட்டியிருக்கிறேன் என்பது அந்த நேரத்தில் மண்டையில் ஏறவில்லை.

அடுத்த மாதம் கலசப்பாக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கண்காட்சி. காசுகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தோம், கவர்களையும் ஸ்டிக்கர் தெரிகிற மாதிரி பக்கத்தில் வைத்தோம். பிள்ளைகள், பெற்றோர், போகிறவர் வருகிறவர் எல்லாரும் போனை நீட்டி நீட்டிப் பார்த்தார்கள். டாக்டருக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தியா, காசு பேசுது" என்று என் முதுகில் தட்டினார். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

சில வாரம் போயிருக்கும். பொன்னுசாமி வீட்டோடு சந்தைக்கு இறங்கியிருந்த ஒரு பகலில் ஜீப்பில் நாலு பேர் போயிருக்கிறார்கள். கையில் மண்ணுக்குள் உலோகம் இருந்தால் காட்டும் கருவி. மரத்தைச் சுற்றி இடுப்பளவு ஆழத்துக்குத் தோண்டி, வேரை வெட்டி, சாமிக்கல்லைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். எதிர்வீட்டு அம்மா ஓடிப்போய்க் கேட்டதற்கு, போனைக் காட்டி, "டாக்டரே எடம் போட்டிருக்காரு, உனக்கு இன்னா?" என்று சொல்லியிருக்கிறார்கள். மரம் அந்தக் கோடையிலேயே பட்டுப்போனது. அவர்கள் வீட்டுக்கு வருஷ வருமானத்தில் பாதி அந்த மரம்.

பொன்னுசாமி படவேட்டுக்கு வந்தபோது நானும் டாக்டர் வீட்டில்தான் இருந்தேன். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. "டாக்டரே, ஒன்னே ஒன்னு கேக்கணும். எங்க சாமிய யாருக்குக் காட்டிக் குடுத்தீங்க?" என்றார். டாக்டர் ஒரே ஒரு தடவை என் பக்கம் பார்த்தார். பிறகு எழுந்து நின்று, "நான்தான் போட்டேன் பொன்னுசாமி. தப்பு என்னுது" என்றார். பொன்னுசாமி இறங்கிப் போய்விட்டார். நான் அப்போதாவது வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. கடை இருக்கிறது, மலை ஆட்கள் நம் கடைக்குத்தானே வருகிறார்கள் என்று என்னென்னவோ ஓடியது. கோழை. வேறு நல்ல வார்த்தை தேடிப் பார்த்துவிட்டேன், இல்லை.

அவர் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் கடைக்கு வந்து, "கம்மலக் கழட்டிடலாம்பா" என்றார், அவ்வளவுதான். ஒவ்வொரு பக்கமாகத் திறந்தேன். இடத்தை அவர் ஒருமுறை வாய்விட்டுப் படிப்பார், பிறகு நான் அழிப்பேன். "இதுவும் அநாதையாச்சி" என்பார். நோட்டிலும் இடம் எழுதிய பத்தியை ஸ்கேல் வைத்துக் கிழித்து எடுத்துக்கொண்டு போனார். காளைக்காசு வந்தபோது மட்டும் வாய்விட்டுப் படிக்கவில்லை. "எடம்னு இருக்கற எடத்துல, எனக்குத் தெரியும்னு மட்டும் போடு" என்றார். அப்படியே போட்டேன்.

ஆனால் பேச்சை அழிக்க முடியுமா? 'டாக்டரு எடத்தக் காட்டிப் பணம் பாத்துட்டாரு' என்று மலையில் ஆரம்பித்தது, சந்தவாசல் டீக்கடை வரை இறங்கிவிட்டது. என் கடை வாசலிலேயே நின்று பேசினார்கள். நான் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தேன். ஓய்வு பெற்ற பிறகும், மாடு ஈனும்போது கன்று குறுக்கே நின்றுவிட்டால் மலையிலிருந்து அவருக்குத்தான் போன் வரும், எந்த நேரமானாலும் கிளம்பிவிடுவார். அந்தப் போன் நின்றுபோனது. "போன் ரிப்பேரா பாருப்பா" என்று இரண்டு தடவை என்னிடம் கொடுத்தார். போன் நன்றாகத்தான் இருந்தது.

அவர் சாவுக்கு மலையிலிருந்து ஒருவர்கூட வரவில்லை. வந்திருந்தவர்கள் எல்லாரும் அதைக் கவனித்தீர்கள், எனக்குத் தெரியும். மாலை போட்டுவிட்டு நின்றபோது எனக்குப் பின்னால் யாரோ, "பண்ணது அப்பிடி" என்றார்கள். அப்போதும் பேசாமல்தான் இருந்தேன்.

கருமாதி முடிந்த மறுநாள் சங்கரிடம் சொல்லி அந்தக் காளைக்காசைக் கவரோடு வாங்கிக்கொண்டு, போளூர் போய் மலை பஸ் பிடித்தேன். பொன்னுசாமி சாமைக் கொல்லையில் இருந்தார். பட்டுப்போன மரத்தை இன்னும் வெட்டவில்லை, கல் மூன்றையும் திரும்ப நட்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். மேப்பில் புள்ளி வைத்தது நான், நமக்கு மட்டும்தான் தெரியும் என்று டாக்டரிடம் பொய் சொன்னது நான், அன்றைக்கு வாய் திறக்காமல் இருந்ததும் நான். அவர் களை பிடுங்குவதை நிறுத்தவில்லை.

"தெரியும்" என்றார்.

"எப்படிங்க?"

"டாக்டருக்கு போன்ல நம்பர் தேடவே வராது. எங்க பொண்ணுகிட்ட குடுத்துத்தான் போட்டுக்குவாரு. அவரா எடத்த ஏத்துனாரு? அன்னிக்கு அவரு உன்னப் பாத்தாரே, அப்பவே தெரிஞ்சிபோச்சி."

"அப்ப ஊர்ல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

அப்போதுதான் நிமிர்ந்தார். "அவரே நான்தான்னு சொல்றாரு. இல்லன்னு நானு சொன்னா எவன் நம்புவான்? சொல்ல வேண்டியவன் நீ. நீ வருவன்னு பாத்தேன். அவரும் பாத்துட்டுதான் இருந்திருப்பாரு. உசுரோட இருக்கச்சே வந்திருக்கணும்."

காசை நீட்டினேன். வாங்கவில்லை. "ஊரு கூடும்போது கொண்டா. அல்லார் எதிர்லயும் சொல்லிட்டுக் குடு" என்றார். கோவில் முன்னால் ஊர் கூடுகிற நாளை நானே கேட்டு வாங்கிக்கொண்டு இறங்கினேன். போவேன். அதற்கு முன்னால் கீழே இருக்கிற உங்களுக்குத் தெரிய வேண்டும் என்றுதான் இதை எழுதினேன். டாக்டர் யாரையும் காட்டிக் கொடுக்கவில்லை. கடைசியில் என்னையும்கூட.

அவருடையது என்று என்னிடம் இப்போது இருப்பது அந்தக் கவர் ஒன்றுதான். காசு மலைக்குப் போய்விடும், கவரையும் ஸ்டிக்கரையும் நான் வைத்துக்கொள்வேன். போனை அதன் மேல் காட்டினால் பக்கம் திறக்கும். காளையின் படம் வரும், அதன் கீழே 'இடம்: எனக்குத் தெரியும்' என்று வரும். மலையிலிருந்து இறங்கிய அன்று அதற்கும் கீழே ஒரு வரி சேர்த்தேன். இந்த இடத்தை ஊருக்கெல்லாம் காட்டியது ஏகாம்பரம் அல்ல என்று எழுதி, என் பேரைப் போட்டிருக்கிறேன்.

அன்றைக்கு வண்டியில் ஒன்று கேட்டீர்களே டாக்டர். இது அல்லாருக்கும் தெரியும்.